பூங்கனியின் இரண்டாவது பெட்டி

ராஜாக்கமங்கலம் சந்திப்பில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் பூங்கனியைப் பன்னிரண்டு வருடமாகத் தெரியும். பக்கத்துக் கடையில் தையல் மெஷின் மிதிக்கிறவள் நான். அவளிடம் இரண்டு பெட்டிகள். ஒன்றில் விண்டோஸ், ஊர்க்காரர்கள் கேட்பதெல்லாம் அதில் ஓடும், வைரஸும் சேர்ந்து ஓடும். மற்றதில் லினக்ஸ், இலவசம், கிழட்டுப் பெட்டியிலும் வேகம், ஆனால் பாதி சாஃப்ட்வேர் அதில் ஏறாது. யார் பென்டிரைவ் கொடுத்தாலும் முதலில் லினக்ஸில் செருகி நகலெடுப்பாள். விண்டோஸ் வைரஸ் அங்கே வாலாட்டாதாம்.

சென்ற ஆவணியில் அவளுடைய அண்ணன் தாணு, வரப்புத் தென்னைத் தகராறில், டீக்கடை முன்னால் ஸ்டெனியின் கையை வெட்டுகத்தியால் வெட்டினான். இரண்டு விரல் தெறித்து விழுந்தன. ஸ்டெனிதான் முதலில் வெட்ட வந்தான் என்று தாணு புகார் கொடுக்க, கட்டுப்போட்ட கையோடு ஸ்டெனியையே போலீஸ் உள்ளே வைத்தது. சாட்சி சொல்ல ஒருவனுக்கும் நெஞ்சுரம் இல்லை. டீக்கடைக் கேமராவின் ரெக்கார்டரையும் தாணு உடைத்துப் போட்டான், படுபாவி. அதற்கு முன்பே கடைக்காரர் பதிவைப் பென்டிரைவில் ஏற்றி ஸ்டெனியின் மனைவி ஸ்மைலினிடம் கொடுத்திருந்தார். அவள் பூங்கனியிடம் ஓடிவந்தாள்.

"படம் தெரியலேன்னா எனக்க மாப்பிள்ளைக்கு ஜெயிலுதான் அக்கா."

லினக்ஸில் நகல் ஏறி முடிந்த நேரம், எப்படியோ மோப்பம் பிடித்துத் தாணு கோடாரியோடு வந்து நின்றான்.

"ஏட்டி, அது எதுல ஓடும்?"

"விண்டோஸ்ல மட்டுந்தான் அண்ணே." பயத்தில் தனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டாள்.

முதல் வெட்டில் விண்டோஸின் மானிட்டர் சிதறியது. கண்ணாடிச் சில்லு பூங்கனியின் நெற்றியைக் கிழித்தது. விண்டோஸ் பெட்டியைப் பிளந்து, பென்டிரைவை மிதித்து நசுக்கி, தடுக்க வந்த ஸ்மைலினைச் சுவரில் மோதும்படி தள்ளிவிட்டுப் போனான். மற்றப் பெட்டியை ஏறிட்டும் பார்க்கவில்லை. கோடாரியைக் கண்டு பின்னாலேயே வந்த நான் வாசலோடு நின்றுவிட்டேன். அவனை ஓர் அறைகூட அறையாத கையை இன்றும் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

பூங்கனி ஷட்டரை இழுத்துவிட்டு, நெற்றியைத் துணியால் அழுத்தியபடி லினக்ஸ் முன்னால் உட்கார்ந்தாள். விண்டோஸ் சாஃப்ட்வேரை லினக்ஸுக்குள் ஓட்ட வைன் என்று ஒன்று உண்டாம். பதிவை ஓட்ட அதோடு வந்த விண்டோஸ் பிளேயர் முதலில் திறக்கவே இல்லை. அடுத்த தடவை வெறும் கறுப்பு. வைனின் பழைய பதிப்பைப் போட்டாள். படம் வந்தது. பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்த ஸ்டெனியை நோக்கித் தாணு கத்தியை ஓங்குகிறான். தலையைக் காக்க ஸ்டெனி வெறுங்கையை உயர்த்துகிறான். ஸ்மைலின் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மூவருமாக அந்தப் பெட்டியையே ஸ்டேஷனுக்குச் சுமந்தோம். இன்ஸ்பெக்டர் இரண்டு முறை ஓட்டிப் பார்த்தார்.

"வெட்டுறவன் யாருன்னு அடையாளம் சொல்ல முடியுமாம்மா?"

பூங்கனியின் நெற்றியில் ரத்தம் இன்னும் காயவில்லை.

"எனக்க அண்ணனாக்கும் சார்."