காக்கா கூடு தெரியும் ஹெட்லைட்

எதிரில் வருகிறவன் திட்டினால்தான் அது நல்ல லைட் என்று நினைக்கிற தொழில் எங்களுடையது.

சாயந்திரம் ஏழு மணிக்கு மேல் பூந்தமல்லிப் பக்கம் வண்டி ஓட்டியிருக்கிறீர்களா? ஒரு கையில் ஹேண்டில்பார், இன்னொரு கை புருவத்துக்கு மேலே. எதிரில் வருவது பைக்கா பஸ்ஸா என்று தெரியாமல், நீலமாக ஏதோ எரிந்துகொண்டு வருகிறது என்று மட்டும் புரிந்து ஓரம் கட்டியிருக்கிறீர்களா? அப்படியென்றால் நீங்களும் நானும் ஒரே கட்சி. ஒரு சின்ன வித்தியாசம், அதை மாட்டிவிட்டவர்களில் நானும் ஒருத்தி.

பிளஸ் டூ முடித்தேன். மேலே படிக்கவில்லை. ஏன் என்று கேட்பதற்கு எனக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், நீங்கள் வேண்டாம். காட்டுப்பாக்கத்தில் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில் ஒரு கார் சாமான் கடை. பத்து மாதமாக அங்கே வேலை. பில் போடத்தான் கூப்பிட்டார்கள். பில் போடுவதைவிட ஸ்க்ரூ திருப்புவது சுலபம் என்று ஒரே வாரத்தில் தெரிந்துபோனது.

யாருக்குத் தெரிய வேண்டும்?

சேர்ந்த புதிதில் ஒரு ஐடி சார் வந்தார். புது ஃப்ளாட், புது கார், கழுத்தில் கம்பெனி அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. “கடையில யாரும் இல்லையாம்மா?” என்று என்னிடமே கேட்டார். “நான் இருக்கேன் சார்” என்றேன். அதை அவர் ஒத்துக்கொள்ள ஒரு நிமிஷம் ஆனது. பிறகு போனில் ஒரு படத்தைக் காட்டி, இந்த நீலம்தான் வேண்டும், வெள்ளை வேண்டாம், வெள்ளை ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது என்றார்.

எனக்கு வியாபாரப் பேச்சு வராது. “சார், மழை வந்தா நீலம் ஒண்ணுத்துக்கும் ஆகாது. ரோடே தெரியாது. பழைய மஞ்சளே தேவலாம்” என்று உள்ளதைச் சொன்னேன். உள்ளேயிருந்து முதலாளி பாஸ்கர் அண்ணன் பலமாக இருமினார். ஐடி சார் என்னைப் பாவமாகப் பார்த்துவிட்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்: “ரோடு தெரியறதுக்கு இல்லம்மா, நான் வர்றது தெரியறதுக்கு.”

டேப் எதுக்கு?

லைட் மாட்டுவது பெரிய வேலை இல்லை. பழைய பல்பைக் கழற்று, புதுசைச் செருகு, ரப்பர் மூடியைப் போடு. அது எந்த உயரத்தில் அடிக்க வேண்டும் என்பதுதான் வேலை. ரோட்டில் விழ வேண்டும், எதிரில் வருகிறவன் மூஞ்சியில் விழக் கூடாது. பெரிய இடங்களில் இதற்கு மெஷின் இருக்கிறதாம். எங்களுக்குக் கல்யாண மண்டபம் இருக்கிறது.

மண்டபத்தின் பக்கவாட்டுச் சுவர் எங்கள் கடைக்கு நேர் எதிரே. கீழ்ப்பாதி பிரவுன், மேல்பாதி சந்தனக் கலர். காரை எங்கள் வாசலில் போட்டிருக்கும் குறியில் நிறுத்தி விளக்கைப் போட வேண்டும். வெளிச்சத்தின் மேல் ஓரம், பிரவுனும் சந்தனமும் சேருகிற கோட்டில் போய் உட்காரும் வரை ஸ்க்ரூவைத் திருப்ப வேண்டும். உட்கார்ந்துவிட்டதா, முடிந்தது, அடுத்த வண்டி. இது எங்கள் சீனியர் ஃபிட்டர் டில்லி அண்ணன் கண்டுபிடித்த முறை. “டேப் வெச்சு அளக்க வேணாமாண்ணா?” என்று ஒருநாள் கேட்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை: “டேப்பு தொலஞ்சு பூடும். செவுரு எங்க பூடும்?”

கூலிங் கிளாஸ்

ஒருத்தர் மாலை ஏழரை மணிக்குக் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு கடைக்குள் வந்தார். வந்ததும் ஸ்டூலில் இடித்துக்கொண்டார். ஸ்டெப்னி டயர் அடுக்கைப் பார்த்து “வணக்கம் சார்” என்றார். எதிர்வண்டி வெளிச்சம் தாங்கவில்லையாம், அதனால் ராத்திரியில் இதைப் போட்டுக்கொண்டுதான் ஓட்டுகிறாராம். அதனால் கடையிலேயே இருப்பதில் ரொம்பப் பளிச்சென்று இருக்கும் ஜோடியை அவர் வண்டியில் மாட்ட வேண்டுமாம்.

“அதனால” என்பதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரியவில்லை. கேட்டேன். அவன் என் கண்ணைக் கூச வைத்தால் நானும் அவன் கண்ணைக் கூச வைப்பேன், அப்போது பயந்து டிம் பண்ணுவான் என்றார். “அவரும் பண்ணலைன்னா?” என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: “ரெண்டு பேருக்கும் ஒண்ணும் தெரியாது. சமமாப் பூடும்ல?”

மாப்பிள்ளை நீலமானார்

தை பிறந்ததும் மண்டபத்துக்குப் புதுப் பெயிண்ட் அடித்தார்கள். அதே பிரவுன், அதே சந்தனம். காய்ந்த மறுநாளே ஒரு ரிசப்ஷன். நாங்கள் இந்தப் பக்கம் ஒரு வண்டியைக் குறியில் நிறுத்தி விளக்கைப் போட்டோம். அதே நேரம் பெண்ணும் மாப்பிள்ளையும் சுவரோரம் வைத்திருந்த பூ வளைவுக்கு முன்னால் போட்டோவுக்கு வந்து நின்றார்கள். வெளிச்சம் மொத்தமும் அவர்கள் மேல். பெண் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். மாப்பிள்ளை கோட்டு சூட்டோடு சேர்த்து நீலமானார். பெண்ணின் மாமா ஒருத்தர் கையை ஓங்கிக்கொண்டு எங்களை நோக்கி வந்தார். நான் விளக்கை அணைக்க ஓடினேன். அவருக்கும் முன்னால் போட்டோகிராபர் ஓடி வந்து கத்தினார்: “ஏம்மா, அணைக்காத, அணைக்காத! எங்க செட்டுல இவ்ளோ லைட்டு இல்ல!”

நின்றுகொண்டிருந்த லாரி

எங்கப்பா திருவேற்காட்டுக்கும் பூந்தமல்லிக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். மாசி மாதத்திலிருந்து இருட்டினால் அவருக்குத் தொல்லை. வீட்டுக்கு வந்ததும் முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு, தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, தினமும் ஒரே வசனம்: “அந்த லைட்ட மாட்டினவனைக்கூட உட்டுடுவேன். அவனைப் பெத்தான் பாரு ஒருத்தன், அவன் மட்டும் என் கைல கெடைக்கட்டும்.” அம்மா “ஆமா, வளர்ப்பு அப்படி” என்று ரசம் ஊற்றுவாள். நான் குனிந்து சாப்பிடுவேன். நான் வேலை பார்ப்பது சீட் கவர் கடை என்று அப்பா தானாகவே நினைத்துக்கொண்டிருந்தார். எங்கள் கடையில் சீட் கவரும் உண்டு. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை.

ஒருநாள் வளைவில் திரும்பும்போது எதிரில் ரெண்டு நீல விளக்கு. லாரி போலிருக்கிறது, போகட்டும் என்று அப்பா ஓரம் கட்டி நின்றார். நின்றார், நின்றுகொண்டே இருந்தார். லாரி வரவில்லை. பின்னால் ஆட்கள் நெருக்கியடித்துக்கொண்டு வியர்த்துப்போய் உட்கார்ந்திருக்கிறார்கள். கடைசியில் பூக்கூடையோடு இருந்த ஓர் அக்கா எட்டிப் பார்த்தார். பேக்கரி வாசலில் விளக்கை அணைக்காமல் விட்டுவிட்டுப் பப்ஸ் வாங்கப் போன யாரோ ஒருத்தரின் கார் அது. அந்த அக்கா சொன்னதை அப்பாவே வீட்டில் வந்து சொன்னார்: “அண்ணாத்தே, அது நின்னுகினு கீது. நாமளும் நின்னுகினு கீறோம். அப்ப ஊட்டுக்கு யாரு போறது?”

கண்ணில் ஒன்றுமில்லை

இந்தக் கதை ஸ்டாண்டு முழுக்கப் பரவிவிட்டது. அப்பாவைக் கண்டால் மற்ற டிரைவர்கள் ஓரமாக ஒதுங்கி “லாரி போகட்டும்” என்று நின்றார்கள். அப்பா இருட்டினதும் ஓட்டுவதை நிறுத்திவிட்டார். ஷேர் ஆட்டோவுக்குக் கூட்டமே வேலை விட்டு வருகிறவர்கள்தான். அந்த நேரத்தில் வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தால் எப்படி? அம்மா அவரைக் கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் சொட்டு மருந்து விட்டுப் பார்த்து, கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார். வேறு யாராக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். அப்பா உடைந்துபோனார். வருகிற வெள்ளிக்கிழமை ஆட்டோவைச் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டு, ஃப்ளாட் ஏதாவது ஒன்றில் வாட்ச்மேன் வேலைக்குப் போவதாக முடிவு செய்தார். ஆட்டோவின் பின்னால் என் பேர் எழுதியிருக்கும். சித்தப்பா அதைச் சுரண்டிவிட்டுத் தன் பையன் பேரை ஒட்டுவதற்கு ஸ்டிக்கரே செய்துவிட்டார். இவ்வளவு அவசரமான ஆளை நான் பார்த்ததில்லை, என்னைத் தவிர. “டாக்டர்தான் நல்லா இருக்குன்னாரேப்பா” என்றேன். அப்பா சொன்னார்: “கண்ணு கெட்டிருந்தா கண்ணாடி போட்டுக்கலாம். நானே கெட்டுப் பூட்டேன்னா இன்னாத்தப் போட்டுக்கறது?”

காக்கா கூடு

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை, பால் கடை வைத்திருக்கும் ஒருத்தர் தன் வேனைக் கொண்டுவந்து நிறுத்தினார். பங்குனியில் நாங்கள் லைட் மாட்டின வண்டி. பல்பு எரியவில்லையா என்றேன், எரிகிறது என்றார். வெளிச்சம் போதவில்லையா என்றேன், எக்கச்சக்கம் என்றார். பிறகு என்னதான் வேண்டும் என்று கேட்டேன், கொஞ்சம் சத்தமாக. அவரும் சத்தமாகவே சொன்னார்: “ரோட்டுல கீற பள்ளம் ஒண்ணும் தெரியல. ஆனா பாரிவாக்கத்துல எந்த மரத்துல எத்தினி காக்கா கூடு கீதுன்னு கேளு, சொல்றேன்!”

கறை

வேனைக் குறியில் நிறுத்தி விளக்கைப் போட்டோம். வெளிச்சம் கோட்டின் மேல் ஒட்டினாற்போல் உட்கார்ந்திருந்தது. டில்லி அண்ணன் “பாத்தியா?” என்பதுபோல் என்னைப் பார்த்தார். எனக்குப் பொறுக்கவில்லை. ரோட்டைக் கடந்து சுவருக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். கோட்டுக்குச் சற்றுக் கீழே ஓர் இடத்தில் பிரவுன் பெயிண்ட் உரிந்திருந்தது. உள்ளே சந்தனக் கலர் தெரிந்தது. பிரவுனுக்கு அடியில் எதற்குச் சந்தனம்?

மண்டபத்து வாட்ச்மேன் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தார். அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். நான் பெயிண்டைப் பாராட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டார் போல. ரொம்பப் பெருமையாகச் சொன்னார்: “மழைத் தண்ணி கறை மேல ஏறிகினே போச்சும்மா. அதான் பிரவுன ஒரு சாண் ஏத்திட்டோம். இப்ப கறை தெரியுதா பாரு!”

இறக்கினால் என்ன ஆகும்

ஒரு சாண். சுவர் கிட்டே இருப்பதால் ஒரு சாண்தான். அதே வெளிச்சம் ரோட்டில் இன்னும் கொஞ்ச தூரம் போனால் நேராக எங்கப்பா கண். தை மாதத்திலிருந்து நாங்கள் லைட் மாட்டின வண்டி ஒன்று விடாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு ஓடுகிறது. அதெல்லாம் எந்த ரோட்டில் ஓடுகிறது என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். நீங்களும்தான் அதில் கண்ணை மூடிக்கொண்டு வந்தீர்கள். டில்லி அண்ணன் சுவரைப் பார்த்த பார்வை, சொந்த மச்சான் ஏமாற்றிவிட்ட மாதிரி இருந்தது.

பாஸ்கர் அண்ணன் முதலில் “யாருக்கும் சொல்லாத” என்றார். நான் எல்லோருக்கும் சொல்லிவிடுவேன் என்றேன். என்னைத் தெரிந்தவர் என்பதால் உடனே “இலவச செக்கப்” என்று வாசலில் எழுதி ஒட்டினார். பழைய உயரத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, பில் புத்தகத்தைப் பார்த்து ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டேன். கூலிங் கிளாஸ்காரர் வந்தார், இந்தத் தடவை ஸ்டூலுக்கு வணக்கம் சொன்னார். ஐடி சாரும் வந்தார். போன பொங்கலுக்குப் பிறகு பல்பு மாற்றியிருந்தார், அதே நீலம். விளக்கைக் கீழே இறக்கப் போகிறோம் என்று தெரிந்ததும் பானெட்டை மூடப் பார்த்தார். அதற்குள் நான் திருப்பி முடித்துவிட்டேன். அவர் சுவரையே பார்த்துக்கொண்டு கேட்டார்: “ரோடு தெரியும், சரி. இனிமே என்னை யாருக்கும்மா தெரியும்?”

கைக்குக் கிடைத்தவன்

பால்காரர் வேனை மட்டும் இறக்காமல் ரெண்டு நாள் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். வியாழக்கிழமை இருட்டும் நேரத்தில் அப்பாவை ஆட்டோவோடு கடைக்கு வரச் சொன்னேன். வந்தார். “சீட் கவர் எங்க கீது?” என்று கேட்டார். “உள்ள இருக்கு, அப்புறம் பாக்கலாம்” என்று சொல்லி, அவரைத் தெருக்கோடியில் ஆட்டோவிலேயே உட்காரவைத்தேன். வேனை அவர் பக்கம் திருப்பி நிறுத்தி விளக்கைப் போட்டேன்.

அப்பாவின் கை தானாகப் புருவத்துக்குப் போனது. வாயும் தானாகத் திறந்தது. மாட்டினவன், பெற்றவன், கையில் கிடைக்கட்டும் என்று மொத்த வசனமும் தெருவுக்கே கேட்டது. டில்லி அண்ணன் ரசித்துக் கேட்டார். நான் பானெட்டுக்குள் குனிந்து ரெண்டு ஸ்க்ரூவையும் திருப்பினேன். எத்தனை சுற்று என்று அந்த ரெண்டு நாளில் கைக்குப் பழகியிருந்தது. வெளிச்சம் ரோட்டில் இறங்கிப் படுத்தது. தெருக்கோடியில் அப்பா கையை இறக்கினார். கண்ணைக் கசக்கினார். “பாப்பா, நீ தெரியிற” என்றார்.

போய்ச் சொன்னேன். சுவர், பிரவுன், ஒரு சாண், ஸ்க்ரூ, நான். எதையும் விடவில்லை. அப்பா கடை போர்டை ஒருமுறை படித்தார், என் கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்தார். போனை எடுத்துச் சித்தப்பாவைக் கூப்பிட்டு, “நாளைக்கு வராத. ஸ்டிக்கர உன் ஃபிரிட்ஜுல ஒட்டிக்க” என்று வைத்துவிட்டார். டில்லி அண்ணனுக்கு இது யார் என்ன என்று ஒன்றும் தெரியாது. டீயை நீட்டிக்கொண்டே, “அண்ணாத்தே, இன்னாமோ சொன்னியே, எவனோ ஒருத்தன் கைல கெடைக்கட்டும்னு, இன்னா அது?” என்றார். அப்பா டீயை முழுக்கக் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார்: “அவன் கெடச்சுட்டான்பா. கெடச்சப்புறம் இன்னா பண்றதுன்னுதான் தெரியல.”

ஆகவே மக்களே, இனிமேல் எதிரில் ஒரு நீல விளக்கு உங்கள் கண்ணில் அடித்தால் எங்கள் சுவரை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள்ளுங்கள், பெற்றவரை மட்டும் விட்டுவிடுங்கள், அவரும் உங்களுக்குப் பக்கத்தில்தான் கண்ணை மூடிக்கொண்டு வருகிறார்.