சர்க்கரை வியாதிக்காரியின் கருப்பட்டி

மதியச் சாப்பாட்டு மணிக்குச் சற்று முன்னால் ஒன்பதாம் வகுப்பு பிலோமியை இரண்டு மாணவிகள் கைத்தாங்கலாக ஆபீஸ் ரூமுக்குள் கொண்டுவந்தார்கள். சட்டை ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு வியர்த்திருந்தது. பெயரைக் கேட்டால் வேறு எதையோ உளறினாள். பின்னாலேயே வகுப்பாசிரியை கிரேஸ் டீச்சர் கையில் ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்தார்.

எழுபதுகளில், தூத்துக்குடியில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் நான் ஹெட் கிளார்க். பிலோமிக்குச் சிறு வயதிலேயே சர்க்கரை வியாதி. அவள் அம்மா தினமும் காலையில் கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்கவைத்து, இன்சுலின் போட்டுப் பள்ளிக்கு அனுப்புவார். ஊசி போட்ட பிறகு சாப்பாடு தாமதித்தாலோ, அதிகமாக ஓடியாடினாலோ ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். வியர்க்கும், பேச்சு குழறும், உடனே இனிப்பு கொடுக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஒன்பதாம் வகுப்பில் சேர்த்த அன்றே அந்த அம்மா தலைமையாசிரியையிடமும் வகுப்பாசிரியையிடமும் என்னிடமும் தனித்தனியாக இதைச் சொன்னார். அவசரத்துக்கென்று மகளிடம் எப்போதும் சில்லுக்கருப்பட்டியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தனுப்பினார்.

அன்று டிரில் பீரியடில் நன்றாக ஓடவிட்டிருக்கிறார்கள். வகுப்புக்குத் திரும்பியதும் பிலோமி பொட்டலத்தைப் பிரிக்க, கிரேஸ் டீச்சர் பிடுங்கிக்கொண்டார். தலை சுற்றுகிறது, ஒன்றே ஒன்று போதும் என்று அவள் கெஞ்சினாளாம். கூட வந்த மாணவிகள் சொன்னார்கள். பொட்டலத்தைக் கொடுங்கள் என்று டீச்சரிடம் கை நீட்டினேன்.

"சக்கர வியாதிக்காரிக்குப் போயி கருப்பட்டியக் குடுக்கச் சொல்லுதீங்களா சார்? ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டுன்னா யாரு பதில் சொல்லுதது?" என்றார் கிரேஸ் டீச்சர். ஒன்று கிடக்க ஒன்று ஆகி, எதிரே பெஞ்சில் சாய்ந்து கிடந்தது. அது அவர் கண்ணில் படவில்லை.

நல்லவேளை, அவளால் விழுங்க முடிந்தது. டீக்கு வைத்திருந்த சீனியை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவைத்தேன். சிறிது நேரத்தில் கண் தெளிந்தது. "கணக்குப் பீரியட் முடிஞ்சிட்டா சார்?" என்று கேட்டாள். பிறகு சாப்பிடவைத்தோம்.

பொட்டலத்தைப் பிடுங்கியவரிடம் தலைமையாசிரியை ஒரு வார்த்தை விளக்கம் கேட்டிருக்க வேண்டும். அவரோ பிலோமியின் அம்மாவுக்கு ஆள் அனுப்பினார். அந்த அம்மா வந்ததும் தன் மாடி அறையிலிருந்து ஆபீஸ் ரூமுக்கு வந்தார்.

"பள்ளிக்கூடம் ஆஸ்பத்திரி இல்லம்மா. டி.சி. வாங்கிட்டுப் போயி வீட்டுல வச்சுப் பாத்துக்கிடுங்க" என்றார்.

"சக்கரைக்கு நான் ஊசி போட்டுக்கிடுதேன் டீச்சர். படிப்புக்கு ஊசி எங்கன விக்கிது?" என்று கேட்டார் அந்த அம்மா.

தலைமையாசிரியை என் பக்கம் திரும்பி டி.சி.யை டைப் செய்யச் சொன்னார். பெற்றோர் எழுதிக் கேட்டால் டி.சி. கொடுக்கலாம். அவர்கள் கேட்காமல் கொடுப்பதென்றால் ஒழுங்கு நடவடிக்கை எடுக்க வேண்டும். குற்றத்தைக் குறிப்பிட்டு மெமோ, அதற்கு விளக்கம், அதன் பேரில் விசாரணை என்று எல்லாம் வரிசையாக நடக்க வேண்டும்.

"போட்டுருலாம் டீச்சர். குத்தம்ங்கிற எடத்துல என்ன டைப் அடிக்க? மயங்கி விழுந்தான்னா, கருப்பட்டி வச்சிருந்தான்னா?"

"ரூல் பேசாதீங்க சார்."

"சம்பளமே அதுக்குத்தான டீச்சர் தாரீங்க."

இறங்கி வருகிற பாவனையில் தலைமையாசிரியை ஒரு நிபந்தனை சொன்னார். பிலோமி பள்ளியிலேயே இருக்கலாம். ஆனால் வகுப்பில் இனிப்பு தின்றால் மற்ற பிள்ளைகளும் கெட்டுப்போவார்கள். ஆகவே தேவைப்படும்போது மாடியேறி அவர் அறைக்கு வந்து, அனுமதி கேட்டு, அவர் முன்னிலையில்தான் தின்ன வேண்டும்.

அம்மாவின் பக்கத்தில் நின்ற பிலோமி, கணக்குக்கு விடை சொல்வதுபோல் அமைதியாகச் சொன்னாள்:

"மாடியேறி அங்கன வாரதுக்குள்ள விழுந்துருவேன் டீச்சர்."

தலைமையாசிரியை மேலே சுற்றிய ஃபேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிலோமி இருந்த இடத்திலேயே தின்னலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், மணி அடித்ததும் சாப்பிட விட வேண்டும் என்று நான் டைப் செய்து நீட்டியதில் கையெழுத்துப் போட்டார். பிலோமி எஸ்.எஸ்.எல்.சி.யை அங்கேயே எழுதினாள்.

நோயைப் பற்றித் தெரியாமல் இருப்பதை என்னால் மன்னிக்க முடியும். மூன்று பேருக்குத் தனித்தனியாகச் சொல்லியும், அந்தப் பெண்ணே வாய்விட்டுக் கேட்டும், 'சர்க்கரை வியாதி' என்ற பெயரை மட்டும் காதில் வாங்கியதை இன்றும் மன்னிக்க முடியவில்லை. பள்ளி வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். இப்படி ஒரு பிள்ளை தலை சுற்றுகிறது என்று இனிப்பு கேட்டால் முதலில் கொடுங்கள். விசாரணையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். அதற்கு ஃபைல் இருக்கிறது, எத்தனை நாளானாலும் காத்திருக்கும்.