டைமர் நின்ற படம்

என் அக்கா வீட்டுக்காரரை எங்கள் கட்டடத்தில் எல்லோரும் ஷட்டர்காரர் என்றுதான் சொல்வார்கள். அதை நம்பிக் கீழ்த்தளத்து மருந்துக் கடைக்காரர், கடைக் கதவு பாதியில் சிக்கிக்கொண்டது என்று ஒருமுறை அவரைக் கூப்பிட வந்துவிட்டார். அத்தானுக்கு வந்த கோபத்தைப் பார்த்திருக்க வேண்டும். அவர் பழுது பார்ப்பது கேமரா ஷட்டர். அதுவும் இந்தக் காலத்துக் கேமரா இல்லை. முக்காலியில் நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் படமெடுப்பார்களே, அந்தப் பெரிய பழைய கேமராக்களின் லென்ஸுக்கு நடுவில் இருந்து திறந்து மூடும் வட்டமான பெட்டி. உள்ளங்கையில் அடங்கிவிடும். உள்ளே கைக்கடிகாரத்தில் இருப்பது போலப் பல்சக்கரங்கள்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தவர், ஓய்வு பெற்ற பிறகு முழுநேரமும் இதுவே கதி என்று ஆகிவிட்டார். எங்கிருந்தெல்லாமோ பார்சல் வரும். உள்ளே பழைய எண்ணெய் காய்ந்து பசையாகி, ஒரு செகண்டில் மூட வேண்டியது திறந்த வாய் மூடாமல் நிற்கும். சாப்பாட்டு மேஜையில் வெள்ளைத் துண்டை விரித்துக்கொள்வார், திருகாணி உருண்டு ஓடக் கூடாது என்று. நெற்றியில் பூதக்கண்ணாடி. கழற்றிய திருகாணிகளைப் போட அக்காவின் மாத்திரை டப்பாவை எடுத்துக்கொண்டார். ஞாயிறு முதல் சனி வரை ஏழு அறை, கழற்றிய வரிசையிலேயே போட்டு வைக்கலாம் அல்லவா. சிகரெட் லைட்டருக்கு ஊற்றும் பெட்ரோலில் பல்சக்கரங்களைக் கழுவுவார். காகிதத்தைவிட மெல்லிய தகடுகளை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துத் துடைப்பார். அந்த வாடை போகிறவரை அக்கா அடுப்பைப் பற்றவைக்க முடியாது. எல்லாம் பூட்டி முடித்ததும் ஷட்டரைக் காதருகே வைத்து வேகம் பார்ப்பார். அப்போது மிக்ஸி ஓடக் கூடாது, குழாயைத் திறக்கக் கூடாது, அக்கா இருமக்கூடக் கூடாது. தப்பித்தவறி இருமிவிட்டால் ‘போச்சு’ என்பார், குடியே முழுகிப்போன மாதிரி.

ஷட்டர் திரும்பக் கிடைத்தவர்கள் போனில் அவரைப் புகழ்ந்து தள்ளுவார்கள். இவ்வளவு பொறுமைசாலியைப் பார்த்ததே இல்லை என்பார்கள். அக்கா சமையலறையிலிருந்து என்னைப் பார்த்து, "யாரைடி சொல்றாங்க? நம்ம வீட்ல அப்படி யாரும் இல்லையே?" என்பாள்.

இந்தப் பைத்தியம் பிடித்ததே அவர்கள் கல்யாணத்தன்றுதான். பதிவு அலுவலகத்தில் நடந்த கல்யாணம். சாட்சிக் கையெழுத்துப் போட வந்த நண்பர் தன் அப்பாவின் பெரிய கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். இருவரையும் வாசலில் நிறுத்தி அழுத்தினால், ஷட்டர் திறக்கவே இல்லை. "கொடு, நான் பாக்கறேன்," என்று அத்தான் அதை வாங்கிக்கொண்டார். கல்யாணப் பெண் வீட்டுக்குள் வந்ததும் வராததுமாக மாப்பிள்ளை ஸ்குரூ டிரைவர் தேடினார். அந்த ஷட்டர் சரியாகிவிட்டது. கேமராவும் நாளடைவில் இவருக்கே வந்துவிட்டது. கல்யாணப் படம் மட்டும் கிடையாது. அதற்குப் பிறகு எடுத்த படங்களில் அக்கா இருப்பாள், நான் இருப்பேன், எதிர்வீட்டுப் பூனைகூட இருக்கும். எடுக்கிறவர் எப்படி இருப்பார்? போனைத் தூக்கினால், ‘அதெல்லாம் ஒரு படமா’ என்று எழுந்து போய்விடுவார்.

அந்தப் பழைய ஷட்டர்கள் சிலவற்றில் டைமர் உண்டு. ஒரு சின்னக் கைப்பிடியைத் தள்ளிவிட்டு ஓடிப்போய் நாமும் நின்றுகொள்ளலாம். கிர்ரென்று ஓடி முடிந்ததும் தானே படமெடுத்துவிடும். அத்தானுக்கு அதைக் கண்டாலே ஆகாது. முதலில் சிக்குவது அதுதான், சிக்கினால் மொத்த ஷட்டரும் நின்றுவிடும் என்று வருகிற ஒவ்வொன்றிலிருந்தும் அதைக் கழற்றிப் பொட்டலம் கட்டித் தனியே அனுப்புவார். தன் கேமராவில் இருந்ததை என்றைக்கோ பிடுங்கி ஒரு பாட்டிலில் போட்டு வைத்திருந்தார்.

அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டது. மாத்திரைகள் கைப்பிடி அளவுக்குப் பெருகின. டப்பா அவர் மேஜையிலேயே இருந்தது. இவள் டம்ளர் மூடியில் எடுத்து வைத்து விழுங்கினாள். இனிமேல் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னதன் அர்த்தம் அவளுக்கும் புரிந்தது. அழவில்லை. அத்தானிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"என்னங்க, நாம ரெண்டு பேரும் சேந்து ஒரு போட்டோ எடுத்துக்கலாங்க. நாளைக்கு யாராவது பாத்தா, இவளுக்குப் புருஷன்னு ஒருத்தர் இருந்தாரான்னு கேக்கக் கூடாது."

"கண்டதையும் பேசாத," என்றார். ஆனால் எடுக்கலாம் என்று ஒப்புக்கொண்டார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. "எல்லாத்தையும் செட் பண்ணிட்டு நீங்க போய் உக்காருங்க அத்தான். ஷட்டர்ல மாட்டி அழுத்துவீங்களே, அந்த ஒயரை நான் அழுத்தறேன்," என்றேன்.

"உன் கை ஆடும்."

"ஒயர்தானே அத்தான்?"

"அரை செகண்டு தொறந்திருக்கும். ஒயர் ஆடினா கேமராவும் ஆடும். உனக்கு அதெல்லாம் தெரியாது."

என் கையை நம்புவதைவிட, தான் வாழ்நாளெல்லாம் திட்டிய டைமரை நம்புவது மேல் என்று தோன்றியிருக்கிறது. பாட்டிலிலிருந்து எடுத்துக் கழுவி மாட்டினார்.

அக்காவுக்கு நான்தான் தலை வாரி, நீலப் புடவையைக் கட்டிவிட்டேன். வீங்கிய பாதங்களை அவள் நாற்காலிக்கு அடியில் இழுத்து மறைத்துக்கொண்டாள். ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு நாற்காலிகள். அத்தான் துணிக்குள் தலையை விட்டு, தன் காலி நாற்காலியின் மேல் நெடுநேரம் ஃபோகஸ் பார்த்தார். பிறகு கைப்பிடியைத் தள்ளிவிட்டு வந்து உட்கார்ந்தார். அக்கா சிரித்தாள். கிர்ரென்ற சத்தம் ஓடியது, பாதியில் நின்றது.

"அசையாத," என்றார். அக்கா சிரிப்பைக் கலைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். கன்னம் நடுங்க ஆரம்பித்தது. "சனியன்," என்று அத்தான் எழுந்து போய்க் கேமராவுக்கு முன்னால் குனிந்தார். அவர் விரல் படுவதற்குள் மீதிச் சத்தமும் ஓடி, ஷட்டர் டக்கென்றது.

பிலிம் சட்டத்தின் மறுபக்கத்தில் இன்னொரு பிலிம் இருக்கும் என்பது எனக்குக்கூடத் தெரியும். "அக்கா உக்காந்துதானே இருக்கா? திருப்பிப் போடுங்க, நான் அழுத்தறேன்," என்றேன்.

"அவ அழுத்தட்டுமேங்க," என்றாள் அக்காவும்.

"சிக்கற ஷட்டர வச்சு எடுக்கறதா? நாளைக்கு எடுத்துக்கலாம்." அதற்குள் லென்ஸைக் கழற்றத் தொடங்கியிருந்தார். மேஜையில் துண்டு விரிந்துவிட்டது.

நாளை வந்துகொண்டே இருந்தது. ஒரு சக்கரத்தில் பல் தேய்ந்திருக்கிறதாம். தினமும் காலையில் அக்கா என்னைத் தலை வாரச் சொல்வாள். "இன்னிக்கு இருக்கான்னு கேளு," என்பாள். நான் போய்க் கேட்பேன். அவர் ஷட்டரைக் காதில் வைத்துக்கொண்டு, பேசாதே என்று விரலைத் தூக்குவார். பிறகு அவள் தலை வாரச் சொல்வதையும் விட்டுவிட்டாள். அவள் மூச்சு நின்ற மத்தியானமும் அவர் மேஜையில்தான் இருந்தார். நான் உள்ளறையிலிருந்து கத்தியபோது முதலில் ‘உஷ்’ என்றார். அதை மட்டும் நான் மன்னிக்கப் போவதில்லை.

எல்லோரும் வந்து போய் வீடு அடங்கிய பிறகு ஒருநாள் கூப்பிட்டனுப்பினார். மேஜையில் ஒரு படம் இருந்தது. டைமர் சிக்கிய அன்று விழுந்தது. ஒரு பாதி முழுக்கக் கறுப்பாக, கலங்கலாக அத்தானின் தோள். அக்காவின் முகத்தை அளவெடுத்தது போல மறைத்திருந்தது. தோளுக்குக் கீழே நீலப் புடவை சாம்பல் நிறமாக, மடியில் கோத்த இரண்டு கைகள். பக்கத்தில் அத்தானின் காலி நாற்காலி. அதன் பிரம்புப் பின்னலை ஒவ்வொரு இழையாக எண்ணலாம், அவ்வளவு தெளிவு.

"டைமர் சரியாயிடுச்சு," என்றார். "இப்ப ஒரு தடவைகூட நிக்கறதில்ல. மறுபக்கத்து பிலிம் அப்படியே இருக்கு. நீ அந்த நாற்காலில உக்காரு, எடுத்துப் பாத்துடலாம்."

அது அக்கா உட்கார்ந்த நாற்காலி. நான் உட்காரவில்லை.

"அன்னிக்கு நான் அழுத்தியிருந்தா இதுல எங்கக்கா மொகம் இருந்திருக்கும் அத்தான். பக்கத்துல நீங்களும் இருந்திருப்பீங்க."

பூதக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார். கண் கலங்கித்தான் இருந்தது. நான் சொன்னதை நிஜமாகவே யோசித்துப் பார்த்தார்.

"உன் கை ஆடியிருக்கும்," என்றார்.

பிறகு கைப்பிடியைத் தள்ளி, ஷட்டரைக் காதில் வைத்துக்கொண்டு, பேசாதே என்று விரலைத் தூக்கினார்.