மிராசுதார் அடித்த பந்து

விளையாட்டில் தோற்றவர் தோல்வியை மைதானத்திலேயே விட்டுவிட்டுப் போவார் என்று எதை வைத்து நம்புகிறோம்?

ஊர் ஊராகப் போய் ஆடும் பட்டணத்து கிரிக்கெட் கிளப் ஒன்று நேற்று உத்திரமேரூருக்கு வந்தது. இங்கே அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்களே குறைவு. வந்தவர்களில் ஒருவருக்குக் காய்ச்சல். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அந்தோணியைத் தங்கள் பக்கம் பந்து பிடிக்க நிறுத்திக்கொண்டார்கள்.

நம் ஊருக்காக முதலில் மட்டை பிடித்தவர் மிராசுதார். வந்தவர்களுக்கு விருந்துச் சாப்பாடும் அவருடையதுதான். அந்தோணி கூலி வேலை செய்வதும் அவர் நிலத்தில்தான்.

மிராசுதார் வந்த வேகத்தில் ஒரு பந்தை உயரத் தூக்கி அடித்தார். அந்தோணி ஓடிப்போய்ப் பிடித்துவிட்டார். பட்டணத்துக்காரர்கள் கூச்சல் போட்டு அவர் முதுகில் தட்டினார்கள்.

அந்தோணியின் முகம் மாறியது. "ஆண்டே, பந்தக் கீய போட்டுடட்டுமா?" என்றார்.

"வேணாண்டா, நல்லாத்தான் புடிச்சே" என்று சிரித்துக்கொண்டே மிராசுதார் வெளியேறினார்.

என் பக்கத்தில் நின்ற அந்தோணியின் மனைவி மேரி சிரிக்கவில்லை.

"இன்னா பேஜாரு பாருங்க டீச்சரம்மா. அறுப்பு நேரத்துல இந்த ஆளுக்குக் கை சும்மா இருக்காதா?"

"விளையாட்டுதானே மேரி" என்றேன்.

"உங்களுக்கு வெளாட்டு."

இன்று காலை மிராசுதார் நிலத்தில் அறுப்புக்கு ஆள் கூப்பிட்டார்கள். அந்தோணியையும் மேரியையும் கூப்பிடவில்லை. பள்ளிக்கூடம் போகும் வழியில் மிராசுதார் என்னை நிறுத்தி, ஆட்டம் பிரமாதம், அந்த கிளப்பை மறுபடியும் வரவழைக்க வேண்டும் என்றார்.

வந்தால் பந்து பிடிக்க இங்கே யார் முன்வருவார்கள் என்று உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.