அக்கா கட்டிய கட்டணம்

அக்கா இல்லாமல் ஒரு வருடம் ஓடிவிட்டது. நினைவு மலருக்கு நீதான் எழுத வேண்டும் என்றார் அப்பா. அம்மா முன்பே போய்விட்டதால், வீட்டில் எழுத வேறு யாரும் இல்லை.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதால் அக்கா பிறந்தது கடலூர்ப் பக்கம், அம்மாவின் ஊரில். கைக்குழந்தையாகப் புதுச்சேரி முதலியார்பேட்டைக்கு வந்தவர், அதன்பின் இங்கேதான். தங்கையான நான் பிறந்ததே புதுச்சேரியில். இந்த வித்தியாசத்தை, அக்கா பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்வரை யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

கல்லூரியில் கட்டணம் குறைந்த அரசு ஒதுக்கீட்டு இடத்துக்குப் புதுச்சேரிக் குடியிருப்புச் சான்று வேண்டும். வேலை பார்த்த மில் மூடியபின் பெரிய மார்க்கெட்டில் மூட்டை தூக்கிய அப்பா, ரேஷன் கார்டு போதும் என்று இருந்துவிட்டார். கடைசி நேரத்தில் அலைந்தபோது, பிறந்த ஊர் வேறாக இருக்கிறதே என்று கேள்விமேல் கேள்வி. சான்று கைக்கு வருவதற்குள் கலந்தாய்வு முடிந்துவிட்டது. நிர்வாக ஒதுக்கீட்டில், பல மடங்கு கட்டணத்துக்குச் சேர்ந்தார் அக்கா. அம்மாவின் நகைகள் போயின, வங்கிக் கடனும் வந்தது.

அதன்பின் அக்கா பேச்சைக் குறைத்துக்கொண்டார். கல்லூரி எப்படி என்று கேட்டால், நன்றாக இருக்கிறது என்பார். நாங்களும் நம்பினோம். நம்புவது எங்களுக்கு வசதியாக இருந்தது.

நான்கு வருடம் கழித்து நானும் அதே கல்லூரி, அதே படிப்பு. இந்த முறை அப்பா முன்கூட்டியே சான்று வாங்கிவிட்டார். பணம் கட்ட அக்காதான் கூட வந்தார். என் ரசீதை வெகுநேரம் பார்த்தார். கோபப்பட்டிருந்தால்கூட எனக்குத் தேவலாம்.

"யாரு கூப்ட்டாலும் போ. காசு இல்லன்னா என்னாண்ட கேளு. வயித்துவலின்னு மட்டும் சொல்லாத" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சிரித்துவிட்டு உள்ளே போனேன்.

அக்கா வேலைக்குப் போய், கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போட்டு, கடனை அடைத்தார். அடைத்த மறுவருடமே நோயில் விழுந்தார். மருத்துவமனையில் நான் உடனிருந்தபோதுதான் சொன்னார். கேன்டீனுக்கோ சுற்றுலாவுக்கோ தோழிகள் கூப்பிட்டால், வயிற்றுவலி என்று ஒதுங்கிவிடுவாராம். இரண்டாம் வருடத்தில் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார்களாம். மதியம் வகுப்பில் தனியாகத்தான் சாப்பாடாம்.

அக்காவை முகம் சுளிக்காமல் கவனித்துக்கொண்ட செவிலியர்களுக்கும், கருவடிக்குப்பம் மயானம்வரை அப்பாவின் கையைப் பிடித்து நடந்த தெருக்காரர்களுக்கும் நாங்கள் கடமைப்பட்டவர்கள்.

அன்று சேதி சொல்ல, அக்காவின் போனில் கல்லூரித் தோழி யாருடைய எண்ணாவது இருக்கிறதா என்று தேடினேன். ஒன்றுகூட இல்லை. அவரோடு படித்தவர்கள் யார் கைக்காவது இந்த மலர் வந்தால், ஒன்று சொல்ல வேண்டும். அக்காவுக்குத் தலைக்கனம் கிடையாது. உங்களோடு வர அவருக்கு ரொம்ப ஆசையாக இருந்தது.