சாவடியில் போட்ட வாய்க்கரிசி

கதை விடுகிறான் என்று நினைப்பவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம். எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. ஆனால் இது நடந்தது. வேறு யாருக்கோ இல்லை, எனக்கே நடந்தது. 1953-ஆம் வருஷம், ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை.

அப்போது புதுச்சேரி வெளிநாடு. பிரெஞ்சுக்காரன் ஆட்சி. எங்கள் திண்டிவனத்து ஆட்கள் சிலர் கப்பலேறி சிங்கப்பூர் போய்வந்து பீற்றிக்கொள்வார்கள். நானும் என் சிநேகிதன் தாண்டவராயனும் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை ஏற்றும் வேனில் வெளிநாடு போனோம். அவன் டிரைவர். நான் மண்டியில் எடை போடுகிறவன். ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. என் அக்கா அம்சவள்ளி பிள்ளை பெற்ற ஜுரத்தில் விழுப்புரம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். எழுந்து உட்காரக்கூடத் தெம்பில்லை. "இந்த ஊசி மருந்து பாண்டிச்சேரியிலதான் கிடைக்கும். இன்னிக்கு ராத்திரிக்குள்ள போட்டாகணும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்டி மருந்து கொண்டுவந்தால் சுங்கச் சாவடியில் பிடுங்கிக்கொள்வார்கள். சீட்டு வாங்க ஒரு வாரம் ஆகும். அக்காவுக்கு ஏது ஒரு வாரம்?

போகும்போது வளவனூர் தாண்டி டயர் வெடித்தது. அந்தப் பக்கம் நுழைந்ததும் சிவப்புத் தொப்பி போலீஸ்காரன் ஒருவன் மறித்து, பிரெஞ்சில் ஏதோ அதட்டினான். தாண்டவராயன் எல்லாவற்றுக்கும் "உய் முசியே, உய் முசியே" என்று ஆமாஞ்சாமி போட்டுத் தலையாட்டினான். போலீஸ்காரனே சிரித்துவிட்டு வழிவிட்டான். கடை கடையாக அலைந்து, சாயங்காலம்தான் மருந்து கிடைத்தது.

திரும்பும்போது தாண்டவராயன் ஒரு சவுக்குத் தோப்பில் வண்டியை நிறுத்தினான்.

"பொணத்த எவனும் சோதிக்க மாட்டான்டா. நீ படுத்துக்கோ."

"நீ படேன்."

"அப்ப வண்டிய நீ ஓட்டுவியா?"

வாயை மூடிக்கொண்டு படுத்தேன். முறைப்படி எல்லாம் செய்தான் படுபாவி. கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டினான். கைவிரல்களையும் கட்டினான். தாடையைத் தூக்கி, தலையோடு சேர்த்து நாடிக்கட்டு. நெற்றியில் ஒரு காசு. மருந்துப் புட்டிகளை என் முதுகுக்கடியில் வைக்கோலில் செருகினான். மேலே வெள்ளைத் துணி. கட்டைக் கொஞ்சம் தளர்த்தச் சொல்ல நினைத்தேன். வாயைத் திறக்க முடியவில்லை.

பிரெஞ்சுச் சாவடி சுலபமாக விட்டுவிட்டது. எங்களுக்குப் பின்னால் தடுப்புமரம் 'டொம்' என்று இறங்கியது. அவ்வளவுதான், அந்தப் பக்கம் ராத்திரி முழுக்க மூடல். முன்னால் எங்கள் பக்கத்துச் சாவடி. அங்கேயும் மரம் இறங்கியே இருந்தது.

"பாடியா? ஆபீசரு சாப்புடப் போயிருக்காரு. வரட்டும். நீ வந்து வெவரம் எழுதிக்குடு" என்றான் காவல்காரன்.

தாண்டவராயனின் செருப்புச் சத்தம் தூரப் போனது. நான் தனியாக, கட்டிப்போட்டபடி, இரண்டு தடுப்புமரங்களுக்கு நடுவே கிடந்தேன். அசைந்தால் மருந்து போய்விடும். மருந்து போனால் அக்கா போய்விடுவாள்.

சாவடி மணி ஏழு அடித்தது.

அப்போது வேன் லேசாகப் பின்பக்கம் தாழ்ந்தது... யாரோ ஏறுகிறார்கள். வைக்கோல் நொறுங்கியது. வளையல் சத்தம். என் தலைமாட்டில் ஒரு பொம்பளை உட்கார்ந்தாள்.

எழவு வண்டியைப் பார்த்தால் சில பெண்கள் வந்து அழுவார்கள். அழுதுவிட்டுப் போகட்டும் என்று மூச்சை அடக்கிக்கொண்டேன்.

மெல்ல ஆரம்பித்தாள்.

"ஏன்டா தம்பி... எனக்கு ஊசி வாங்கப் போய்க்கினு... நீ வந்து இங்க படுத்துக்கினியே..."

ஊசியைப் பற்றிச் சாவடியில் யாருக்கும் தெரியாது.

"வெள்ளத் துணி போத்திக்கினியே விருத்தாசலம்..."

என் பெயர். என் பெயரும் அங்கே யாருக்கும் தெரியாது. தாண்டவராயன் பொய்ப் பெயர்தான் எழுதுவதாக இருந்தான்.

அப்புறம்தான் குரல் பிடிபட்டது...

அக்கா.

அக்கா பத்து மைலுக்கு அப்பால் கட்டிலில் கிடக்கிறாள். இது அவள் இல்லை. பேய்தான் தெரிந்த குரலில் கூப்பிடும். பதில் சொன்னவன் பிழைத்ததில்லை என்பார்கள்.

"ஒரு வாட்டி... அக்கான்னு கூப்புட்றா... நான் போய்டறேன்..."

பல்லைக் கடித்தேன். கட்டை அறுத்துக்கொண்டு ஓட வேண்டும் போல இருந்தது. ஓடினால் மருந்து...

துணிக்கடியில் ஒரு கை வந்தது.

கொதிக்கிற கை. ஜுரக் கை.

உதட்டைப் பிரித்தது.

அரிசி.

ஒரு பிடி...

இன்னொரு பிடி...

இன்னும் ஒன்று...

"போய்ட்டு வாடா தம்பி."

அதற்குப் பிறகு எனக்குக் கேட்டது வண்டி ஓடுகிற சத்தம்தான். அது நின்றதும் விரல் கட்டையும் நாடிக்கட்டையும் பிய்த்து, துணியை விலக்கி எழுந்து உட்கார்ந்தேன். வளவனூர் ஏரிக்கரை. தாண்டவராயன் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் 'ஐயோ' என்று அலறி மல்லாந்து விழுந்தான்.

"ஏன்டா அழுவுற?"

"ஒண்ணுமில்ல... மரம் தூக்கிட்டாங்க... ஏறு, ஜல்தி."

நான் குனிந்து துப்பினேன். பச்சரிசி. கை நிறைய.

மருந்து நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அக்கா பிழைத்துக்கொண்டாள். நான் கட்டிலருகே போய் நின்று "அக்கா" என்றேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. மாமாவிடம் சொன்னாள்: "என் தம்பி செத்துட்டான். நான்தான் வாய்க்கரிசி போட்டேன்."

ஜுரத்தில் உளறுகிறாள் என்றோம். ஜுரம் போயிற்று. அந்தப் பேச்சு போகவில்லை. திண்டிவனத்தில் என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளித்தான் இருக்கிறாள். சமைக்கிறாள், பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்புகிறாள், மீன்காரியிடம் பேரம் பேசுகிறாள். எல்லாம் சரியாக இருக்கிறது. என்னை மட்டும் பார்ப்பதில்லை. எதிரே நின்று கத்தினாலும் அவள் காதில் விழுவதில்லை. அமாவாசைக்கு அமாவாசை எனக்கு இலை போடுகிறாள். நானும் அவளோடு சண்டை போட்டுப் பார்த்தேன், அழுதும் பார்த்தேன்.

போன வருஷம், 1962-இல், தாண்டவராயன் மண்டி வாசலில் வைத்து என் கையைப் பிடித்துக்கொண்டான். ஒன்பது வருஷம் அடக்கி வைத்திருந்ததை அன்றுதான் சொன்னான்.

"அன்னிக்கி ஆபீசரு வந்து துணிய முழுசா தூக்கிப் பாத்தாருடா. மூக்குல வெரல வச்சாரு. 'பாவம், சின்ன வயசு'ன்னுட்டு மரத்த தூக்கச் சொன்னாரு. நல்லா நடிக்கிறானேன்னு எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு. ஏரிக்கரையில நிறுத்தி ஒன்ன எழுப்புனேன். நீ எழுந்திருக்கல. மாருல காத வச்சிக் கேட்டேன். ஒரு துடிப்பும் இல்லடா."

சொல்லிவிட்டு என் கையை விட்டான்.

எந்த அதிகாரியும் என் முகத்துத் துணியைத் தூக்கவில்லை. எனக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கை ஒன்றுதான் வந்தது.

நேற்று அமாவாசை. அக்கா கொல்லையில் இலையை வைத்துவிட்டு, "விருத்தாசலம்... வந்து சாப்புட்றா" என்று காக்காயைக் கூப்பிட்டாள். என் வீட்டுக்காரி எனக்குச் சோறு போட்டு வைத்துவிட்டு ராத்திரிவரை காத்திருந்தாள். எனக்குப் பசிக்கவில்லை. அமாவாசையில் எனக்குப் பசிப்பதே இல்லை.