காய்ந்த வயலுக்குக் கிடைத்த வஜா

அடுத்தவர் வயல் பச்சையாக இருந்தால் வயிறெரிகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். காய்ந்துபோன வயலைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள் எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான்.

அப்போது எங்கள் ஊர் மதராஸ் மாகாணத்தில் இருந்தது. நாராயணவனத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஏரிப் பாசன நிலம். மாமனார் காலமான பிறகு பாகம் பிரித்தார்கள். வரப்புக்கு இந்தப் பக்கம் எங்கள் வயல், அந்தப் பக்கம் என் கொழுந்தனுடையது. கொழுந்தன் பெண்டாட்டிக்கு என்னைவிட வயது குறைவு, நிறம் அதிகம். வெயிலில் இறங்கி வேலை செய்வது மட்டும் ஆகாது. குந்தித் தின்றால் குன்றும் மாளும் என்பார்கள். அவளுக்கு ஒன்றும் மாளவில்லை.

அந்த வருஷம் கதிர் வருகிற நேரத்தில் ஏரி வறண்டது. நானும் என் வீட்டுக்காரரும் ஏரி நடுவே ஊற்றுத் தோண்டி, குடம் குடமாகச் சுமந்து வயலுக்கு ஊற்றினோம். என் இடுப்பில் தோல் உரிந்தது. அவள் வரப்பில் நின்று, "ஊத்தினா மட்டும் பொழைச்சிக்குமாக்கா?" என்று கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். கடைசியில் அவர்கள் வயல் முழுக்கச் சாவி. ஒரு மணிகூடப் பால் பிடிக்கவில்லை. எங்களுடையது பாதிக்கு மேல் தேறியது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே வந்துவிட்டது.

பிறகு ஊரில் தண்டோரா போட்டார்கள். சாவியான வயலுக்கு அந்த வருஷத்துத் தீர்வை வஜாவாம், கட்ட வேண்டியதில்லை. குடியானவனைக் காப்பாற்ற சர்க்கார் செய்த ஏற்பாடு. ஊர்க் கணக்கு எழுதுகிற கர்ணமும் ரெவின்யூ இன்ஸ்பெக்டரும் வயல் பார்க்க வந்தார்கள். கொழுந்தன் வயலில் இன்ஸ்பெக்டர் ஒரு கதிரைக் கசக்கி ஊதினார். எல்லாம் பறந்தது. "ஐயோ பாவம்" என்றார். எங்கள் வரப்பில் ஏறியதும் அவருக்கு முகம் மலர்ந்தது.

"பைரு பாகுந்தம்மா!" என்றார். பயிர் நன்றாக இருக்கிறதாம்.

"தண்ணி மோந்து மோந்து என் இடுப்பே பூட்ச்சி சாமி. எங்களுக்கும் வஜா போடுங்க" என்றேன்.

கர்ணம் சிரித்தார். "இடுப்பு போனதுக்கு வஜா கெடியாதும்மா. பயிர் போனாத்தான் வஜா."

விளைந்த நெல்லை விற்றால் எங்களுக்குச் சோறில்லை. விற்காவிட்டால் தீர்வை கட்ட வழியில்லை. என் வீட்டுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திருமலைக்கு டோலி தூக்கப் போனார். ஊற்று நீர் சுமந்த தோள் இப்போது யாத்ரீகர்களைச் சுமந்தது. பக்கத்து வீட்டில் கொழுந்தன் கட்டிலில் மல்லாந்து கிடந்து பாட்டுப் பாடினான். ஒவ்வொரு பாட்டுக்கும் எனக்கு வயிறு எரிந்தது.

கொஞ்ச நாள் கழித்து அவள் கூடையோடு வந்தாள்.

"அக்கா, கொஞ்சம் நெல்லு குடுக்கா."

"ஏண்டி, உனுக்குத்தான் வஜா வந்துச்சே!"

"வஜாவத் துன்ன முடியுமாக்கா?"

அந்தப் பதில் என் காதில் தேனாகப் பாய்ந்தது. ஆனாலும் விடவில்லை. "நெல்லு குடுக்கறேன். உன் ஊட்டுக்காரனையும் மலைக்கு அனுப்பு. எங்க ஊட்டுக்காரரு மட்டும் தூக்கிக்கினு கெடக்கணுமா?" என்றேன். மறுநாளே கொழுந்தன் கிளம்பினான். அவள் தனியாக வாசலில் நின்றதைப் பார்த்தேன். எனக்கு வயிறு குளிர்ந்தது.

அந்தக் குளிர்ச்சி அவர்கள் இறங்கி வரும்வரைதான் இருந்தது. அண்ணனும் தம்பியும் ஒரே டோலியைத் தூக்கினார்கள், ஒரே கூலி. எங்கள் கூலி தீர்வைக்குப் போயிற்று. அவர்கள் கூலி அப்படியே வீட்டுக்கு வந்தது. வஜா அவளுக்கு, என் நெல் அவளுக்கு, நான் யோசனை சொல்லி அனுப்பிய கூலியும் அவளுக்கு!

புத்தூர்ச் சந்தையில் நெல் வாங்கி, என்னிடம் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். நான் தலை தட்டி அளந்து கொடுத்திருந்தேன். அவள் படிக்கு மேல் குவியக் கும்பாச்சியாக அளந்தாள், மேலே ஒரு கை அள்ளியும் போட்டாள்.

"இன்னாத்துக்குடி இவ்ளோ?"

"இருக்கட்டும்க்கா. நீ பாவம், தீர்வை வேற கட்டினே."

ஐயோ பாவம் என்று இன்ஸ்பெக்டர் அவளுக்குச் சொன்ன வார்த்தையை அவள் எனக்குச் சொல்லிவிட்டாள். அந்த நெல்லை நான் தனியாக ஒரு பானையில் போட்டு வைத்தேன். வீட்டில் வேறு மணி இல்லாத நாள் வரும்வரை அதைத் தொடவில்லை.